குளிரறைப் பேனலும் நகைக்கடைத் தராசும்

1968-ஆம் ஆண்டு, என் இருபதாம் வயதில், தூத்துக்குடியில் ஓர் ஐஸ் கம்பெனியில் உதவியாளாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, குளிரைக் காப்பாற்றுவதற்கென்று அங்கே இருந்த சாதனம் நெல் உமி ஒன்றுதான். ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கும் அறைக்கு இரட்டைச் செங்கற்சுவர் எழுப்பி, இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு, அந்த இடைவெளி நிறைய உமியைக் கொட்டிக் குத்தியிருந்தார்கள். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து வண்டி வண்டியாக உமி வந்து இறங்கும். இந்த உபாயம் நம்மவர்களுக்குப் புதியதன்று, மேல்நாட்டாருக்கும் புதியதன்று. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸுக்கு, பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் நகரத்து வியாபாரி, தம் நாட்டு ஏரிகளில் வெட்டிய ஐஸ் பாளங்களை மரத்தூளில் பொதிந்துதான் கடல் கடந்து கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார். மரத்தூளானாலும் உமியானாலும் அதனுள் அசையாமல் அகப்பட்டுக் கிடக்கும் காற்றுதான் உஷ்ணத்தைத் தடுக்கிறது என்பதும், உமி அந்தக் காற்றுக்கு ஒரு கூடு மாத்திரமே என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

இயந்திரத்தைக் கவனித்துவந்த பெரியவர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படியாதவர், மழைக்காலம் தொடங்கும் முன்பு அந்தச் சுவரின் அடியில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, உள்ளே கையை விட்டு ஒரு பிடி உமியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்ப்பார். அது சரசரவென்று உதிர்ந்தால் கல்லைத் திரும்பப் பூசிவிடுவார். பிசுபிசுத்துக் கையில் ஒட்டினால் முதலாளியிடம் போய்ச் சுவரைத் திறந்து உமியை மாற்றவேண்டுமென்று சொல்லுவார். ஒரு நாள் என்னைப் பக்கத்தில் அழைத்து, "தம்பி, உமி காஞ்சு கெடக்க வரைக்குந்தான் இது ஐஸ் ரூம். நனைஞ்சிட்டுன்னா வெறும் குட்டிச்சுவருதான்" என்றார். பின்னாளில் நான் படித்த பொறியியல் புஸ்தகங்கள் எத்தனையோ. அவற்றில் எதுவும் அந்த வார்த்தையைப் பொய்யாக்கவில்லை. ஆயினும் அதன் முழு அர்த்தத்தையும் நான் உணர்ந்துகொள்வதற்கு முப்பது வருஷங்களும் ஒரு பெரிய நஷ்டமும் தேவைப்பட்டன.

உமிக்குப் பிறகு தக்கையும், அதன்பிறகு தெர்மாகோலும் வந்தன. உருக்கிய தாரைச் சுவரில் பூசி, சூடு ஆறுமுன் தெர்மாகோல் பாளங்களை அதில் ஒட்டி, அதன்மேல் கம்பிவலை அடித்துச் சிமெண்டு பூசுவது அக்காலத்து வழக்கம். ஓர் அறை முடிய மூன்று நான்கு மாதங்கள் பிடிக்கும். கை வெந்துபோகாத கொத்தனார் அந்த வேலையில் ஒருவர்கூட இருந்ததில்லை.

இறாலும் கணவாயும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் வியாபாரம் தூத்துக்குடியில் பெருகியபின், நான் வேலை பார்த்துவந்த நிறுவனத்தின் முதலாளி, 1997-ஆம் ஆண்டில், உறையவைத்த சரக்கை மைனஸ் 20 டிகிரியில் வைப்பதற்காக, 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள ஒரு புதிய கிட்டங்கியைப் 'பஃப்' பேனலினால் கட்டுவதென்று தீர்மானித்தார். இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு நடுவே பாலியூரிதேன் என்னும் நுரையை வார்த்து இறுகச் செய்த பலகைதான் இந்தப் பேனல். ஒட்டோ பேயர் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் 1937-இல் கண்டுபிடித்த பாலியூரிதேனின் வம்சத்தைச் சேர்ந்தது அந்த நுரை. நான்கு அங்குலத் தெர்மாகோல் செய்கிற காரியத்தை இரண்டரை அங்குலத்தில் செய்துவிடுவது அதன் பெருமை. விலைப்புள்ளிகள் வந்தன. எல்லாவற்றிலும் 100 மில்லிமீட்டர் கனம் என்றே எழுதியிருந்தது. ஆகவே எல்லாம் ஒன்றே என்று நாங்கள் எண்ணினோம். விலை குறைந்ததை எடுத்தோம். அந்தத் தீர்மானத்தில் எனக்கும் சம பங்கு உண்டு.

பன்னிரண்டே நாட்களில் அறை எழும்பி நின்றது. வெண்மை நிறத்தில், ஒரு கறை இல்லாமல், தொட்டால் வழுவழுவென்றிருந்த அந்தச் சுவர்களைப் பார்ப்பதற்கென்றே மற்றக் கம்பெனிக்காரர்கள் வந்துபோனார்கள்.

1999-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், மழை விட்ட ஒரு காலை நேரத்தில், கிட்டங்கியின் மேற்கூரைக்கும் பேனலின் முதுகுக்கும் இடையே உள்ள இடத்தில் நான் ஏறிப் பார்த்தபோது, பேனல்கள் சேருமிடங்கள் எல்லாவற்றிலும் முத்து முத்தாக நீர் பூத்திருந்தது. மின்சாரச் செலவு சில மாதங்களாக ஏறிக்கொண்டே வந்ததற்கும், கம்பிரஸர் ஓய்வின்றி ஓடியதற்கும் காரணம் அதுவரையில் எங்களுக்குப் புலப்படவில்லை. என்னோடு ஏறிவந்த பிட்டர் விரல் முட்டியால் ஒரு பேனலின் நடுவில் தட்டினார். 'டொக்' என்று உலர்ந்த சத்தம் கேட்டது. இணைப்பின் ஓரத்தில் தட்டினார், சத்தமே எழவில்லை. "அண்ணாச்சி, இது பேனல் சத்தம் இல்ல. உள்ள கல்லு மாதிரி என்னமோ இருக்கு" என்றார். கீழே இறங்கிப் பார்த்தால், உட்கூரை நடுவில் இரண்டு விரற்கடை தொய்ந்திருந்தது.

சரக்கை வேறிடத்துக்கு மாற்றி, அறையைச் சூடேறவிடாமல் ஓர் ஓரத்துப் பேனலை மாத்திரம் கழற்றினோம். ஐந்து மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள அந்தப் பேனல், தகடும் நுரையும் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் இருக்க நியாயமில்லை. தராசில் ஏற்றியபோது 140 கிலோ காட்டியது. ரம்பத்தால் குறுக்கே அறுத்தோம். நடுவில் சந்தன நிறத்தில் நுரை நன்றாகத்தான் இருந்தது; ஓரத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு, நுரை இருந்த இடத்தில் கண்ணாடிபோல் பனிக்கட்டி படலம் படலமாக இறுகியிருந்தது. அந்தப் பனிக்கட்டியைச் சுரண்டியபின் எஞ்சிய நுரை, தேநீரில் நனைந்த ரஸ்க்கைப் போல விரல்பட்டதும் மாவாக உதிர்ந்தது. பெரியவர் உமியைக் கசக்கிப் பார்த்த உள்ளங்கை, முப்பது வருஷங்களுக்குப் பிறகு, அந்த நிமிஷத்தில் என் கண்முன் வந்தது.

காரணத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் குளிரறை கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் உஷ்ணத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், ஈரத்தை மறந்துவிடுகிறார்கள். நமது கடற்கரையில் 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நாளில், வெளிக்காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம், மைனஸ் 20 டிகிரியில் உள்ள அறைக்குள் இருப்பதைப் போல் முப்பது மடங்குக்கு மேற்பட்டது. அந்த நீராவி இரவும் பகலும் உள்ளே நுழைய வழி தேடிக்கொண்டே இருக்கிறது. இரும்புத் தகட்டை அதனால் ஊடுருவ முடியாது. ஆதலால் இணைப்பைத் தேடி வருகிறது. நூல் நுழையாத இடுக்கிலும் நீராவி நுழையும். நுழைந்து, குளிர்ந்த பாகத்தை அடைந்ததும் நீராகி, பின்பு பனிக்கட்டியாகி அங்கேயே தங்கிவிடும். நல்ல நுரையைக் காட்டிலும் பனிக்கட்டி ஏறக்குறைய நூறு மடங்கு தாராளமாக உஷ்ணத்தைக் கடத்துவது. ஆகவே பனிக்கட்டி கோத்த பேனல் எத்தனை கனமாக இருந்தென்ன பயன்? எங்கள் அறையை மாட்டியவர்கள் இணைப்புகளில் சிலிகானை உட்புறத்தில் மாத்திரம் பூசியிருந்தார்கள். வெளிப்புறத்தில், ஏறுவதற்குச் சிரமமான இடம் என்பதனால், பூசவே இல்லை. உள்ளே அடைத்து வெளியே திறந்துவிட்ட இணைப்பு, ஈரத்தை வரவேற்று உட்காரவைத்து, வெளியேற வழியையும் மூடிவிட்டது. அடைப்பதென்றால் வெப்பமான பக்கத்தில்தான் முதலில் அடைக்கவேண்டும் என்ற இந்த ஒரு விதியை மீறியதன் விலை, உட்கூரை முழுவதையும் பிடுங்கி எறிந்ததுதான். விற்றவர்களிடம் முறையிட்டபோது, கடற்கரை ஊரின் காற்று அப்படிப்பட்டது என்று பதில் வந்தது. கடற்கரை ஊருக்கென்று சொல்லித்தான் அவர்களிடம் வாங்கியிருந்தோம்.

2001-இல் இரண்டாவது கிட்டங்கிக்கு ஏற்பாடு நடந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ ரூபாயை நான் பாத்துக்கிடுதேன். பேனலை நீ பாத்துக்கோ தம்பி" என்றார். அந்த வார்த்தை எனக்குக் கொடுத்த பாரத்தை இன்றைக்கும் நான் இறக்கிவைக்கவில்லை. விலைப்புள்ளி அனுப்பிய ஐந்து பேரிடமும், அழகாகச் சட்டம் போட்ட மாதிரித் துண்டு வேண்டாம், தயாராகி வெளியே போகிற பேனலிலிருந்து வெட்டிய துண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். தகடுகளை உரித்துவிட்டு, நுரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் நீள அகல உயரமுள்ள கட்டியாக ஒவ்வொன்றிலும் ஒன்றை அறுத்தெடுத்தேன். அப்படிப்பட்ட கட்டி சரியாக ஒரு லிட்டர் அளவு. குளிரறைப் பேனலின் நுரை ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ இருக்கவேண்டும் என்பது தொழிலில் எல்லோரும் எழுதிக்கொடுக்கிற கணக்கு. அந்தக் கணக்குப்படி என் கட்டி 40 கிராம் இருக்கவேண்டும். மீன் நிறுக்கிற எங்கள் தராசுகளில் 40 கிராமை யார் நிறுப்பது? ஐந்து கட்டிகளையும், பழைய அறையின் பேனலில் நனையாத நடுப்பாகத்திலிருந்து எடுத்த ஆறாவது கட்டியையும், ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் எனக்குப் பழக்கமான ஒரு நகைக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பவுன் நிறுக்கும் தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து, முதல் கட்டியை இரண்டு விரலால் எடுத்து, "இதுல என்ன அண்ணாச்சி எடை இருக்கப்போவுது?" என்று கேட்டுக்கொண்டே வைத்தார். 41 கிராம். அடுத்தது 40. அடுத்தது 38. நான்காவது 33, ஐந்தாவது 29. பழைய பேனலின் கட்டி 30 கிராம். அதைப் பார்த்தபிறகு சிறிது நேரம் நான் பேசாமல் நின்றேன். கண்ணுக்கு ஆறும் ஒரே நிறம், ஒரே வழுவழுப்பு. விலைப்புள்ளியிலும் ஆறுக்கும் ஒரே 40. நுரை லேசாகிவிட்டால் அதன் கண்ணறைகளின் சுவர் மெலிந்துபோகிறது. மெலிந்த சுவர் உடைந்து, ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் வழி உண்டாகிறது. அந்த வழியில்தான் ஈரம் நடக்கிறது. இதையும் சோதித்துவிடுவோம் என்று, வீட்டுக்கு வந்து ஆறு கட்டிகளையும் ஒரு தொட்டித் தண்ணீரில், மேலே அம்மிக்குழவியைப் பாரம் வைத்து, இரண்டு நாள் முழுக்கிவைத்தேன். துடைத்து மறுபடியும் நகைக்கடைக்குக் கொண்டுபோனதில், முதல் மூன்று கட்டிகளும் 20 கிராமுக்கு மேல் நீர் ஏற்கவில்லை. 29 கிராம் கட்டி 100 கிராமுக்கு மேல் குடித்திருந்தது. முதல் மூன்று பேரிடம் மாத்திரம் பேச்சு வைத்துக்கொண்டோம்.

கனத்தைப் பற்றிய விவாதம் எளிதாகவே முடிந்தது. 560 சதுர மீட்டர் சுவரும் கூரையும் உள்ள அதே அளவு அறைக்கு, 100 மில்லிமீட்டருக்குப் பதிலாக 150 மில்லிமீட்டர் பேனல் போட்டால், வருஷ சராசரியாக வெளியே 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு பார்த்தாலும், உள்ளே வரும் உஷ்ணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கம்பிரஸரின் மின்சாரத்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 யூனிட். பேனலின் விலை ஒரு முறை கொடுப்பது. மின்சாரத்தின் விலை அறை நிற்கும் வரையில் கொடுப்பது. முதலாளி காகிதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு 150 என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இணைப்பைப் பற்றித்தான் நான் மிகவும் பிடிவாதமாக இருந்தேன். ஒரு பேனலின் ஓரத்தில் நாக்கும் மற்றதில் காடியுமாகச் செருகிவிடுவதோடு விடாமல், கேம் லாக் என்னும் கொக்கி உள்ளே பதிந்த பேனல்தான் வேண்டுமென்றேன். உட்புறத்திலுள்ள சிறு துவாரத்தில் சாவியை விட்டுத் திருப்பினால், ஒரு பேனலுக்குள் இருக்கும் கொக்கி அடுத்த பேனலுக்குள் இருக்கும் ஊசியைப் பற்றி இழுத்து, இரண்டையும் இறுக அணைத்துக்கொள்ளும்; அப்போது இடையிலுள்ள ரப்பர் பட்டை நசுங்குகிற சத்தம் காதில் விழவேண்டும். வெளிப்புறத்து இணைப்பு முழுவதிலும், ஏற முடிந்த இடம், முடியாத இடம் என்ற பேதமில்லாமல், உலர்ந்து வெடிக்காத பியூட்டைல் பசையை இடச் செய்து, ஒவ்வோர் இணைப்பின்மேலும் சாக்குக்கட்டியால் என் கையெழுத்தைப் போட்ட பிறகே மேல்பட்டை அடிக்கவிட்டேன். ஒரே ஓர் இணைப்பில் பசை இரண்டு சாண் விட்டுப்போயிருந்ததற்காக, மாட்டிய பேனலைக் கழற்றச் சொன்னேன். வேலையாட்களுக்கு என்மேல் வருத்தம்தான்.

வேறு சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் தகட்டின் மேல்பூச்சைப் பார்த்தால் மட்டும் போதாது. அறுத்த விளிம்பிலிருந்தே துரு புறப்படுகிறது, ஆதலால் தளத்தில் அறுப்பதைக் குறைத்து, அளவாகவே தருவிக்கவேண்டும். வெயில் நேரே பேனலின்மேல் விழாதபடி மேலே தனிக் கூரை அவசியம். தரையில், மண் உறைந்து வீங்கிக் காங்கிரீட்டைத் தூக்கிவிடாமலிருக்க, தரைக்கு இடும் குளிர்காப்புப் பாளங்களுக்கு அடியில் காற்றோட்டக் குழாய் பதிக்கவேண்டும். கதவைத் திறந்து மூடியதும் உள்ளே புகுந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளழுத்தம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தாலே ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ பாரம் சுவரை உள்நோக்கி அழுத்தும். அதற்காக அழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு ஒன்று சுவரில் வைப்பதுண்டு. விலை அற்பமான அந்த வால்வை மிச்சம்பிடித்து, பேனலே உள்ளே மடிந்த அறையை நான் பிறர் இடத்தில் பார்த்திருக்கிறேன்.

தீயைப் பற்றி நான் அந்நாளில் போதிய கவனம் செலுத்தவில்லை. அதைப் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். பட்டறை முற்றத்தில் அறுத்துப்போட்ட பேனல் துண்டு ஒன்றில் வெல்டிங் பொறி விழுந்து பற்றியபோது, கரும்புகை எழுந்த வேகமும், அதை முகர்ந்த பையன் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டதும் என்னை நடுங்கச் செய்தன. 2008 ஜனவரியில் தென்கொரியாவின் இச்சியோன் நகரில், கட்டிக்கொண்டிருந்த குளிர்பதனக் கிட்டங்கி ஒன்றில் தீப்பற்றி 40 தொழிலாளிகள் இறந்தார்கள். அதே நகரில் 2020 ஏப்ரலில் மற்றொரு கிட்டங்கி கட்டுமானத்தில் 38 பேர். எரியும் நுரையின் நச்சுப்புகை எத்தனை கொடியது என்பதற்கு இவற்றைக் காட்டிலும் சாட்சி வேண்டியதில்லை. இப்போது பி.ஐ.ஆர். என்னும் நுரை கிடைக்கிறது. அதுவும் எரியாததன்று, ஆனால் தீப்பட்ட இடம் கரியாகி மேலும் பரவுவதைத் தாமதப்படுத்துகிறது. ராக் வூல் பேனல் எரியாது. ஆனால் அதே குளிருக்கு ஒன்றேமுக்கால் மடங்கு கனம் வேண்டும், ஈரம் கண்டால் உறிஞ்சியும் விடும். ஆகவே அறைக்கு பி.ஐ.ஆர்., இயந்திரக் கூடத்தை ஒட்டிய சுவருக்கு ராக் வூல் என்பது இன்றைக்கு என் அபிப்பிராயம். நுரையை ஊதுவதற்குப் பயன்பட்டுவந்த எச்.சி.எஃப்.சி.-141பி என்னும் வாயு, ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதனால் 2020 ஜனவரி முதல் நமது தேசத்தில் விலக்கப்பட்டுவிட்டது. ஆதலால் எந்த வாயுவினால் ஊதியது என்பதையும் வாங்குகிறவர் கேட்டுக்கொள்வது நல்லது. கண்ணறைகளில் அடைபட்ட அந்த வாயுவே நுரையின் பலத்தில் பெரும்பகுதி.

நான் ஓய்வு பெற்று வருஷங்கள் பல ஆகிவிட்டன. 2001-இல் கட்டிய கிட்டங்கி இன்னும் மைனஸ் 20 டிகிரியில் நடந்துவருகிறது. சென்ற ஐப்பசியில் முதலாளியின் மகன் என்னை அழைத்துச் சென்று ஏணியைப் பிடித்துக்கொள்ள, கூரைக்கு அடியில் ஏறி, தென்புறத்து இணைப்புகளின்மீது நான் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். சாக்குக்கட்டிக் கையெழுத்துக்கள் மேல்பட்டைக்கு அடியில் மறைந்திருந்தன. கையில் ஈரம் படவில்லை.

அடுத்த வருஷம் அவர் மூன்றாவது கிட்டங்கி கட்டப்போகிறார். அவருக்குச் சொன்னதையே, குளிரறை கட்ட எண்ணியிருக்கும் மற்றவர்களுக்கும் சொல்லுகிறேன்: கையெழுத்துப் போடுவதற்கு முன், வெளியே போகிற பேனலிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள்; ஒரு லிட்டர் கட்டியாக அறுத்து, பக்கத்து நகைக்கடையில் நிறுத்துப் பாருங்கள்; துண்டு கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.